பென்சில் கோடு மின்னைக் கடத்தும், பென்சீன் கடத்தாது

மேசையில் இரண்டு பொருள்களை வைப்போம். ஒன்று, சித்திரக் கொப்பித் தாளில் 6பி பென்சிலால் அழுத்தித் தீட்டிய ஒரு கறுப்புப் பட்டை. மற்றது, அலுமாரியில் உடுப்புகளுக்கு நடுவே போடும் நப்தலீன் உருண்டை. மல்ரிமீற்றரின் இரு முனைகளையும் பட்டையின் இரு அந்தங்களிலும் வைத்தால் சில கிலோஓம் காட்டும். உருண்டையில் வைத்தால், எந்த அளவுக்குத் திருப்பினாலும் திரையின் இடப்பக்கத்தில் ஒற்றை 1 மட்டும் நிற்கும். கருவியால் அளக்க முடியாத அளவு பெரிய தடை அது.

இரண்டிலும் இருப்பவை தட்டையான அறுகோணக் காபன் வளையங்கள். இரண்டிலும் ஒவ்வொரு காபனும் அயல் அணுக்களை நேராக இணைக்கும் மூன்று சிக்மா பிணைப்புகளை ஆக்கிவிட்டு, நாலாவது இலத்திரனைத் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பி-ஒபிற்றல் என்ற வெளியில் வைத்திருக்கிறது. பாடப்புத்தகமும் இரண்டுக்கும் "ஓரிடப்படாத இலத்திரன்கள்", அதாவது ஓர் அணுவோடு நில்லாமல் பரவியிருப்பவை, என்ற ஒரே சொல்லைத்தான் தருகிறது. பிறகு ஏன் ஒன்று கடத்துகிறது, மற்றது கடத்தவில்லை? திருகோணமலையில் உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளையிடம் கேட்டால், "காரீயத்தில சுயாதீன இலத்திரன் இருக்கு, சேர்" என்று உடனே பதில் வரும். புள்ளியும் கிடைக்கும். ஆனால் அதே இலத்திரன் நப்தலீனிலும் இருக்கிறதே என்று அடுத்த கேள்வியைப் போட்டால் அந்த விடை நொண்டிவிடும். பரவியிருப்பது வேறு, ஓடுவது வேறு என்பதை நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்த அலகில் பிள்ளைகள் தடுமாறும் இடங்களில் பாதி இந்த ஒரு குழப்பத்தில் இருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

சொல் ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடலாம். இலங்கையில் காரீயம் என்றால் பென்சிலுக்குள் இருக்கும் கரி. கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் தோண்டி எடுப்பது அதைத்தான், சிங்களத்தில் மினிரன். தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களில் பலருக்கு இதே சொல் ஈய உலோகத்தைக் குறிக்கும். ஐரோப்பாவிலும் இதைக் கறுப்பு ஈயம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அது காபன் என்று 1779இல் காட்டியவர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. ஆக, கீழே காரீயம் என்று வரும் இடமெல்லாம் காபன் என்றே கொள்ளுங்கள்.

இனி அந்தப் பட்டை. இதை ஒழுங்காகச் செய்தால் ஒரு பாடவேளைக்குள் காரீயத்தின் பாதிக் குணம் கைக்குள் வந்துவிடும். சித்திரக் கொப்பித் தாளில் அடிமட்டம் வைத்து 5 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் நீளமுமாக ஒரு செவ்வகம் கீறுங்கள். 6பி அல்லது 8பி பென்சிலால் நீளவாக்கில் ஒரு தரம், குறுக்கே ஒரு தரம், மறுபடி நீளவாக்கில் ஒரு தரம் என்று தாளின் வெள்ளை தெரியாதபடி தீட்டுங்கள். இரண்டு அந்தங்களிலும் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு இன்னும் தடிப்பாகத் தீட்டி, அதில் முதலைக் கவ்விகளை மாட்டுங்கள். மல்ரிமீற்றரை 200 கிலோஓம் அளவில் வைத்துத் தொடங்கி, எண் சிறிதாக வந்தால் 20 கிலோஓமுக்கு இறக்குங்கள். நன்றாகத் தீட்டிய பட்டை சில கிலோஓமில் இருந்து சில பத்துக் கிலோஓம் வரை காட்டும். இதே பட்டையை 9 வோல்ற் பற்றரி, சிவப்பு எல்ஈடி ஒன்று ஆகியவற்றுடன் தொடராக இணைத்தால், எல்ஈடியில் 2 வோல்ற் போக மீதி 7 வோல்ற் பட்டையின் மேல் விழும். 10 கிலோஓம் என்றால் 0.7 மில்லிஅம்பியர். வெயிலில் தெரியாது, யன்னலைச் சாத்தினால் தெரியும்.

பிழைக்கும் இடங்கள் இவை. எச்பி பென்சிலால் தீட்டினால் தடை மிக உயரும், சிலவேளை ஒன்றுமே காட்டாது. 1795இல் நிக்கொலா-ஜாக் கொன்ரே கண்டுபிடித்த முறைப்படி இன்றும் பென்சில் முனையில் காரீயத்தோடு களிமண் சுடப்படுகிறது. எச்பியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் காரீயம், 8பி போன்றவற்றில் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கும். களிமண் காவலி, மின்னைக் கடத்தாது. மினுக்கத் தாளில் காரீயம் பிடிக்காது, சொரசொரப்பு வேண்டும். முனைகளைக் கையால் அழுத்திப் பிடித்தால் உடம்பின் தடையும் சமாந்தரமாகச் சேர்ந்துவிடும். கூரான முனையை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் பூச்சு சுரண்டப்பட்டு எண் ஏறும். எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் தாள் நன்றாகக் காய்ந்திருக்கும். மாரியில் அதே தாள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கைவியர்வையின் உப்பும் சேர்ந்தால், தீட்டாத வெறும் தாளே மெகாஓம் அளவில் ஏதோ ஒன்றைக் காட்டும். ஆகவே பட்டைக்குப் பக்கத்தில் வெறும் தாளையும் ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள்.

அளவு வந்தபின் பட்டையை வளைத்துப் பாருங்கள். தீட்டிய பக்கம் வெளியே இருக்க வளைத்தால் தடை ஏறும், உள்ளே இருக்க வளைத்தால் இறங்கும். தாளில் படிந்திருப்பது ஒரே தொடர்ச்சியான படலம் இல்லை. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தொட்டுக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான செதில்கள். ஒரு செதிலுக்குள் இலத்திரன் தாராளமாகப் போகும். ஒரு செதிலில் இருந்து மற்றதற்குத் தாவும் இடத்தில்தான் தடை. வளைக்கும்போது அந்தத் தொடுகைகள் விலகுகின்றன. இந்தக் காட்சியை மனதில் வைத்திருங்கள், நப்தலீனுக்கு வரும்போது தேவைப்படும்.

இப்போது வளையத்துக்குப் போவோம். பென்சீன் அப்படியான ஒற்றை வளையம், நப்தலீன் அதில் இரண்டு ஒட்டியது. மைக்கேல் பரடே 1825இல் பென்சீனைப் பிரித்தெடுத்தார். 1865இல் கெக்குலே அதற்கு ஆறு காபன் வளையத்தை முன்வைத்தார். அதன் பெறுதி ஒன்றில், அதாவது எக்சாமெதயில்பென்சீனில், வளையம் தட்டையானது என்று 1929இல் எக்ஸ்-கதிரால் காட்டியவர் கதலீன் லொன்ஸ்டேல். பென்சீனின் ஆறு காபன்-காபன் பிணைப்புகளும் ஒரே நீளம்: ஏறத்தாழ 140 பிக்கோமீற்றர். சாதாரண ஒற்றைப் பிணைப்பு 154, இரட்டை 134.

இதைப் பரிவு என்று சொல்லிவிட்டு, ஒற்றையும் இரட்டையும் மாறிமாறி வர எழுதும் இரண்டு கெக்குலே வடிவங்களுக்கும் நடுவே இருதலை அம்புக்குறி போடுகிறோம். பிள்ளைகள் அதை மூலக்கூறு இங்கும் அங்கும் மாறிமாறித் துடிக்கிறது என்று வாசிக்கிறார்கள். பால்தேத்தண்ணி ஒரு நொடி பாலாகவும் மறுநொடி வெறுந்தேத்தண்ணியாகவும் மாறிக்கொண்டிருப்பதில்லை. கோப்பையில் எப்போதும் இருப்பது ஒன்றே ஒன்றுதான். பென்சீனும் அப்படியே. இரண்டு வடிவங்களும் நாம் தாளில் எழுதுவதற்கு எடுத்த சேர்மானப் பொருள்கள்.

சேர்ந்ததால் என்ன இலாபம் என்பதை ஐதரசனேற்ற வெப்பவுள்ளுறை, அதாவது ஐதரசனைச் சேர்க்கும்போது வெளிவரும் வெப்பம், சொல்கிறது. சைக்கிளோஎக்சீனின் ஒரு இரட்டைப் பிணைப்பை நிரப்பினால் மூலுக்கு 120 கிலோயூல் வெளிவரும். மூன்று இரட்டைப் பிணைப்புகள் தனித்தனியே இருந்தால் 360 வரவேண்டும். பென்சீன் தருவது 208. குறையும் 152 கிலோயூலும் பென்சீன் ஏற்கெனவே கீழே இறங்கி நிற்கும் ஆழம். இதுவரை எல்லாரும் படிப்பிக்கிறோம். இன்னும் ஒரு படி போனால் விடயம் உறைக்கும். இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உள்ள டையீனான 1,3-சைக்கிளோஎக்சாடையீனை முழுக்க ஐதரசனேற்றினால் 232 கிலோயூல் வெளிவரும். அப்படியானால் பென்சீனுக்கு முதல் ஒரு மூலக்கூறு ஐதரசனை மட்டும் சேர்த்து அந்த டையீனாக்குவதற்கு? 232இல் இருந்து 208ஐக் கழியுங்கள்: 24 கிலோயூல் உள்ளே கொடுக்கவேண்டும். சாதாரண இரட்டைப் பிணைப்புள்ள அற்கீன் எதுவும் ஐதரசனைச் சேர்க்கும்போது வெப்பத்தை வெளிவிடும். பென்சீனின் முதற்படி வெப்பத்தைக் கேட்கிறது. புரோமீன் நீரைச் சைக்கிளோஎக்சீன் உடனே நிறமிழக்கச் செய்வதும், பென்சீன் அதைத் திரும்பிப் பாராமல் இருப்பதும் இந்தச் செலவுக் கணக்கால்தான். பெரிக்குப் புரோமைட்டு போட்டுத் தூண்டினாலும் அது கூட்டலுக்கு இணங்காது. ஒரு ஐதரசனைக் கொடுத்து ஒரு புரோமீனை எடுத்துக்கொண்டு வளையத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். நைத்திரேற்றத்திலும் இதே பிரதியீடுதான். வெப்பநிலையை 50 முதல் 60 பாகை செல்சியசுக்குள் வைத்தால் நைத்திரோபென்சீன். அதற்கு மேலே விட்டால் 1,3-இருநைத்திரோபென்சீன் கலந்துவரும். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள், ஆகையால் பாடசாலை ஆய்வுகூடத்தில் இதைச் செய்துகாட்ட முனையவேண்டாம்.

எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. வெறும் தாளும் பென்சிலும் போதும். நப்தலீனுக்கு இரட்டைப் பிணைப்புகளை எத்தனை விதமாக எழுதலாம்? மூன்று விதம். மூன்றையும் எழுதி, ஒவ்வொரு பிணைப்பும் மூன்றில் எத்தனை தரம் இரட்டையாக வருகிறது என்று எண்ணுங்கள். ஒன்றாம் காபனுக்கும் இரண்டாம் காபனுக்கும் இடையே உள்ளது இரண்டு தரம். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே உள்ளது ஒரு தரம். இரு வளையங்களும் பகிரும் நடுப்பிணைப்பு ஒரு தரம். இனி அளந்த நீளங்களைப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றில் இரண்டு பங்கு இரட்டையாக இருப்பது ஏறத்தாழ 137 பிக்கோமீற்றர். மூன்றில் ஒரு பங்கு இரட்டையாக இருப்பவை 141, 142. பென்சீனில் ஒவ்வொன்றும் பாதி இரட்டை: 140. முழு இரட்டை: 134. டையீன்களின் நடுவே இருக்கும் ஒற்றைப் பிணைப்பு ஏறத்தாழ 147. எல்லாம் ஒரு அடிமட்டத்தின் கோடுகள்போல வரிசையாக விழுகின்றன.

காரீயத் தளத்தில் ஒவ்வொரு காபனுக்கும் மூன்று அயலவர். ஒரு பி-இலத்திரனை மூவருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொரு பிணைப்பும் மூன்றில் ஒரு பங்கு இரட்டை. அடிமட்டத்தில் பார்த்தால் 142 என்று வரவேண்டும். காரீயத்தில் அளந்த நீளம் 142 பிக்கோமீற்றர்தான். பென்சீனைவிடச் சற்று நீளம், நப்தலீனின் நடுப்பிணைப்போடு கிட்டத்தட்டச் சமம். பாடப்புத்தகத்தில் வேறு வேறு அத்தியாயங்களில் கிடக்கும் எண்கள் ஒரே கோட்டில் வந்து நிற்பதைப் பிள்ளை தானே எண்ணிக் கண்டுபிடிக்கவேண்டும். நாம் முந்திச் சொல்லிவிடக்கூடாது. கொஞ்சம் வேகமான பிள்ளைக்கு மூன்று வளையங்கள் வளைந்து ஒட்டிய பினாந்திரீனைக் கொடுங்கள். ஐந்து வடிவங்கள் வரும். ஒன்பதாம், பத்தாம் காபன்களுக்கு இடையே ஐந்தில் நாலு தரம் இரட்டை. அந்தப் பிணைப்பு குறுகியது, அந்த இடத்தில் மட்டும் புரோமீன் அற்கீனில் சேர்வதுபோலவே சேரும்.

இலத்திரன் பரவுவதால் வளையம் ஒழுங்கான அறுகோணமாகிறதா, வளையம் ஒழுங்கான அறுகோணமாக இருப்பதால் இலத்திரன் பரவுகிறதா? பெரும்பாலான பாடப்புத்தகங்கள் முதலாவதைத்தான் சொல்கின்றன. சாசோன் ஷாயிக், பிலிப் ஹிபெர்ட்டி என்ற இருவரும் 1980களில் இருந்து இதற்கு மாறாக வாதிட்டு வந்திருக்கிறார்கள். பை இலத்திரன்களை, அதாவது அந்த பி-ஒபிற்றல் இலத்திரன்களை, தனியே விட்டால் அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து குறுகிய பிணைப்பு, நீண்ட பிணைப்பு என்று பிரிந்துகொள்ளவே விரும்பும். எல்லாப் பிணைப்பையும் சம நீளத்தில் பிடித்துவைப்பது சிக்மா பிணைப்புகளாலான சட்டகம் என்பது அவர்களின் முடிவு. இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாகக் குறுகி நீளும் அதிர்வு, சாதாரண பென்சீனில் சென்ரிமீற்றருக்கு 1309 என்ற அலையெண்ணில் இருக்கிறது. ஒளியால் ஒரு பை இலத்திரனை மேலே தூக்கிவிட்டால் பை பிணைப்பு நலியும். சமநீளத்துக்குப் பை இலத்திரனே காரணம் என்றால் அந்த அதிர்வு தளரவேண்டும். ஆனால் அது 1570 அளவுக்கு இறுகுகிறது. இதைத் தேர்வில் எழுதச் சொல்லமாட்டேன், ஆனால் படிப்பிப்பவர்கள் தெரிந்துவைத்திருக்கவேண்டும். பரவல் பென்சீனுக்கு நிலைப்பைக் கொடுக்கிறது என்பதில் மாற்றமில்லை.

இலத்திரன் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் சட்டகமும் விட்டுக்கொடுத்துவிடும். சைக்கிளோஒக்ராரெற்றாயீனில் எட்டுப் பை இலத்திரன்கள். எரிக் ஹுக்கல் 1931இல் கணித்த 4என்+2 (2, 6, 10, 14 என்று போகும்) என்ற வரிசையில் எட்டு இல்லை. அந்த மூலக்கூறு தட்டையாக இருக்க மறுத்து, தொட்டிபோல மடிந்து, 134உம் 147உமாகப் பிணைப்புகளைப் பிரித்துக்கொள்கிறது. பொற்றாசியத்தைக் கொண்டு இரண்டு இலத்திரன்களைக் கொடுத்தால் பத்தாகும். உடனே தட்டையாகிப் பிணைப்புகள் சமனாகும். ஒரு எச்சரிக்கை: ஹுக்கலின் விதி ஒற்றை வளையத்துக்கு உரியது. நாலு வளையம் ஒட்டிய பைரீனில் பதினாறு பை இலத்திரன்கள், ஆனாலும் அது அரோமற்றிக்கு, அதாவது பென்சீன்போல வளையப் பரவலால் நிலைப்புப் பெற்றது. காரீயத் தளத்துக்கு இந்த விதியைப் போட்டுப் பார்ப்பதில் பொருளே இல்லை.

முதற் கேள்விக்குத் திரும்புவோம். பென்சீனில் ஆறு பை இலத்திரன்களும் மூன்று தாழ்ந்த சக்தி மட்டங்களை நிரப்பிவிட்டன. அடுத்த வெற்று மட்டத்துக்கு ஏற ஏறத்தாழ 5 இலத்திரன்வோல்ற் சக்தி வேண்டும். அதனால்தான் பென்சீன் ஒளியை உறிஞ்சத் தொடங்குவது ஊதாக்கடந்த பகுதியில் 255 நனோமீற்றரின் அண்மையில். எங்கள் ஊர் வெயில் 30 பாகையில் கொடுக்கும் வெப்பச் சக்தி 0.026 இலத்திரன்வோல்ற். நிரம்பிய மட்டத்தில் இருக்கும் இலத்திரன்கள் வளையம் முழுக்கப் பரவியிருந்தாலும், மின்புலம் வைத்தால் ஒரு பக்கமாக நகர்வதற்கு அவற்றுக்கு வெற்றிடமான மட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அதோடு ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் நடுவே பிணைப்பே கிடையாது. பென்சில் பட்டையில் செதிலுக்குச் செதில் தாவும் இடத்தில் தடை வந்ததே, நப்தலீன் உருண்டையில் ஒவ்வொரு மூலக்கூறும் அப்படி ஒரு தனிச் செதில், அதிலும் செதிலுக்குள்ளேயே வெற்று மட்டம் எட்டாத செதில்.

வளையங்களைக் கோத்துக்கொண்டே போனால் நிரம்பிய மட்டத்துக்கும் வெற்று மட்டத்துக்கும் இடையிலான சக்தி இடைவெளி சுருங்குவதை நிறத்தில் பார்க்கலாம். நப்தலீனும் அந்திரசீனும் நிறமற்றவை. அந்திரசீனின் உறிஞ்சல் ஏறத்தாழ 375 நனோமீற்றருக்கு வந்துவிட்டாலும் அது இன்னும் கண்ணுக்கு வெளியே. நாலு வளையம் வரிசையாக உள்ள தெற்றாசீன் ஏறத்தாழ 470இல் நீலத்தை உறிஞ்சிச் செம்மஞ்சளாகத் தெரியும். ஐந்து வளையப் பென்ராசீன் 580 அளவில் உறிஞ்சிக் கருநீலமாகும். பென்சில் கரியோ எல்லா நிறத்தையும் விழுங்குகிறது. ஒரே ஒரு காபன் தளம், ஓர் அணுத் தடிப்பு, தன்மேல் விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை உறிஞ்சிவிடும்.

ஆனால் நீட்டிக்கொண்டே போனாலே போதும் என்றும் நினைக்கக்கூடாது. பொலிஅசற்றிலீன் முடிவில்லாத சங்கிலி. அதில் பிணைப்புகள் குறுகியதும் நீண்டதுமாக மாறிமாறி நின்றுகொள்கின்றன. இடைவெளி மூடாமல் 1.5 இலத்திரன்வோல்றுக்கு அண்மையில் நின்றுவிடுகிறது, குறைகடத்தி. காரீயத் தளத்தில் அப்படிப் பிரிவதற்கு வழியில்லை. மூன்று திசையும் சமம், அடுத்தடுத்த இரண்டு காபன்களும் ஒன்றுக்கொன்று வேறுபாடற்றவை. பெரிய தளத்தில் சக்தி மட்டங்கள் நெருங்கிச் சேர்ந்து பட்டைகளாகிவிடும் (இது தாளில் தீட்டிய பட்டை அல்ல, சக்திப் பட்டை). அந்தச் சமச்சீரால் நிரம்பிய பட்டையும் வெற்றுப் பட்டையும் சில புள்ளிகளில் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. பி. ஆர். வலஸ் 1947இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். தளங்கள் அடுக்கடுக்காக நிற்கும் உண்மைக் காரீயத்தில் அந்தப் பட்டைகள் மிகச் சிறிதளவு மேற்படியவும் செய்கின்றன. ஏற வெற்று மட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. ஓட, அறுபடாத தளம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததால்தான் மின்.

சமச்சீர்தான் காரணம் என்பதற்குப் போரன் நைத்திரைட்டைவிட நல்ல சான்று இல்லை. அதே அறுகோண வலை, அதே இலத்திரன் எண்ணிக்கை, பிணைப்பு 145 பிக்கோமீற்றர், தளங்களுக்கு இடையே 333. காரீயத்தின் இரட்டைப் பிள்ளை என்றே சொல்லலாம். ஆனால் அடுத்தடுத்த அணுக்களில் ஒன்று போரன், மற்றது நைதரசன். இலத்திரன்கள் நைதரசன் பக்கம் சாய்ந்துவிடுகின்றன, ஏறத்தாழ 6 இலத்திரன்வோல்ற் இடைவெளி திறக்கிறது. வெள்ளைத் தூள், சிறந்த காவலி.

பரவிய இலத்திரனுக்கு ஓட்டமே இல்லையா என்றால், காந்தப்புலத்தில் வைத்தால் உண்டு. வளையத்தைச் சுற்றி ஒரு சுழலோட்டம் எழும். கருக்காந்தப் பரிவு நிறமாலையில் (என்எம்ஆர்) பென்சீனின் ஐதரசன்கள் 7.3 பிபிஎம்மில் வருவதற்கு அதுவும் காரணம். காரீயமும் இப்படியே காந்தப்புலத்தைத் தள்ளும். வலுவான நாலு நியோடைமியக் காந்தங்களை வடக்கும் தெற்கும் மாறிமாறி அடுக்கி, மெல்லிய வெப்பப்பகுப்புக் காரீயத் துண்டு ஒன்றை மேலே விட்டால் அது அந்தரத்தில் மிதந்து நிற்கும்.

இடையில் கோணேசர் கோயில் கற்பூரத்துக்கு ஒரு பத்தி. அரோமற்றிக்கு என்ற சொல்லை "நறுமணச் சேர்வை" என்று மொழிபெயர்த்ததால் வந்த வினை, கற்பூரத்தையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். கற்பூரத்தில் ஓரிடப்படாத வளையம் இல்லை. அது இருவளையக் கீற்றோன். கறுவாவின் வாசனைக்கும் கராம்பின் வாசனைக்கும் காரணமான பொருள்களில் பென்சீன் வளையம் உண்டு. "புகைக்கரியோடு எரிந்தால் அரோமற்றிக்கு" என்ற சோதனையும் தனியே நம்பத்தக்கதல்ல. கற்பூரமும் கரி கக்கித்தான் எரிகிறது, அந்தக் கரியைத் தட்டில் பிடித்துத்தான் கண்மை செய்தார்கள். கடை உருண்டை உண்மையில் நப்தலீனா என்று பார்க்க நெருப்புத் தேவையில்லை. 100 மில்லிலீற்றர் நீரில் 36 கிராம் உப்பைக் கரைத்து, அடியில் கரையாமல் கொஞ்சம் நிற்கும்வரை கலக்கித் தெளிந்ததை ஊற்றியெடுங்கள், அடர்த்தி 1.2 வரும். நப்தலீன் 1.14, வெறும் நீரில் தாழும், உப்புநீரில் மிதக்கும். பரா-இருகுளோரோபென்சீன் ஏறத்தாழ 1.25, இரண்டிலும் தாழும். கற்பூரம் வெறும் நீரிலேயே மிதக்கும். உருண்டையில் ஒட்டும் காற்றுக் குமிழிகளைத் தட்டிவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் தாழவேண்டியது மிதக்கும். எந்த உருண்டையாக இருந்தாலும் கைக்குழந்தையின் உடுப்போடு போடவேண்டாம். ஜி6பிடி நொதியக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு நப்தலீன் செங்குழியங்களைச் சிதைக்கும்.

காரீயத் தளங்களுக்கு இடையே 335 பிக்கோமீற்றர் இடைவெளி. பிணைப்பு நீளத்தின் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த வெளியில் இலத்திரன்கள் ஓடித் திரிகின்றன என்று வகுப்புக் குறிப்புகளில் எழுதிக்கொடுப்பது பிழை. பை இலத்திரன்கள் தத்தம் தளத்தை ஒட்டியே மேலும் கீழும் இருக்கின்றன. அதனால்தான் தளத்தின் வழியே கடத்துவதைவிடக் குறுக்கே கடத்துவது ஆயிரம் மடங்கு அளவில் குறைவு. அந்த இடைவெளிக்குள் விருந்தாளியை நுழைக்கலாம். கைத்தொலைபேசிப் பற்றரியை மின்னேற்றும்போது இலித்தியம் அயன்கள் அங்கேதான் போய் உட்காருகின்றன, முழுக்க நிறைந்தால் ஆறு காபனுக்கு ஒரு இலித்தியம். இடைவெளி 335இல் இருந்து 370க்கு விரியும். கூடவே வந்த இலத்திரன்கள் தளத்தின் எதிர்ப்பிணைப்பு மட்டங்களுக்குள், அதாவது பிணைப்பைத் தளர்த்தும் மட்டங்களுக்குள், ஏறுவதால் காபன்-காபன் பிணைப்பும் மிகச் சிறிதளவு நீளும். கறுப்பாக இருந்த காரீயம் நிறையும் அளவுக்கேற்ப நீலமாகி, சிவப்பாகி, கடைசியில் பொன்னிறமாகும்.

தளங்கள் வழுக்குவதால் காரீயம் மசகு என்பது எல்லாருக்கும் தெரியும். அது பாதி விடைதான். 1940களில் உயரப் பறந்த விமானங்களின் மின்பிறப்பாக்கிகளில் காபன் தூரிகைகள் சில மணி நேரத்திலேயே தேய்ந்து தூளாகின. மேலே காற்றில் ஈரம் இல்லாததே காரணம் என்று தெரியவந்தது; ஆர். எச். சவேஜ் 1948இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது. செதிலின் விளிம்பில் உள்ள காபன்களுக்கு மூன்றாவது அயலவர் இல்லை. அந்த அரைகுறைப் பிணைப்புகள் எதிரே வரும் செதிலைப் பற்றிக்கொள்ளும். நீராவி அந்த விளிம்புகளை மூடிவிட்டால்தான் வழுக்கல். திருகோணமலைக் காற்றில் அதற்குப் பஞ்சமே இல்லை. இறுகிப்போன கதவுப் பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட்டால் கடற்கரை மணலும் உப்பும் பசையாகிவிடும். 6பி முனையைச் சீவித் தூளாக்கி, திறப்பின் பற்களில் பூசி, பத்துத் தரம் உள்ளே விட்டு எடுங்கள். எச்பி வேண்டாம், அதில் உள்ள களிமண் தேய்க்கும்.

வீட்டுப் பூட்டோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். கண்ணாடியிழைப் படகுகளின் பின்னால் மாட்டும் இயந்திரத்தின் மறைகளுக்கும் தண்டுகளுக்கும் கறுப்புக் காரீயக் கிறீஸ் பூசும் பழக்கம் கரையோரத்தில் உண்டு. அந்த இயந்திரத்தின் உடல் அலுமினியக் கலப்புலோகம். காரீயம் மின்னைக் கடத்தும், உலோகங்களைவிட எளிதில் அரிபடாதது. உப்புநீரில் இரண்டும் தொட்டுக்கொண்டால் ஒரு மின்கலம் ஆகிவிடும்: காரீயம் கதோட்டு, அலுமினியம் அனோட்டு. கரைந்து போவது அலுமினியம். இலத்திரன் போக வழி கொடுக்கும் அதே சக்திப் பட்டைதான் இங்கே மறையைச் சுற்றியுள்ள அலுமினியத்தைத் தின்கிறது. மறையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மறையைக் கழற்றி, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் கறுப்பு முழுவதையும் துடைத்து, தும்புத் தூரிகையால் வெள்ளைப் பொடியைத் தேய்த்து, நன்னீரில் கழுவி, வெயிலில் காயவிட்டு, காரீயம் கலவாத கடற்பாவனைக் கிறீஸைப் பூசுங்கள். எஃகுக் கம்பித் தூரிகையால் தேய்க்கவேண்டாம், அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து அடுத்த அரிப்பைத் தொடக்கும். இயந்திரத்தின் அடியில் பூட்டியிருக்கும் நாகக் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் அதையும் அன்றே மாற்றுங்கள், அதன்மேல் தீந்தை பூசாதீர்கள்.